‘வந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை

வாசகர் கேள்விகள், ஆங்கில டீச்சரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். தமிழில் யோசிப்பதால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று யாரோ எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். 31 வருடம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியவள் நான். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் அந்தக் கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

*

அன்புள்ள டீச்சர், நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். படித்ததெல்லாம் தமிழ் மீடியம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்பது எல்லாம் புரிகிறது. பதில் மட்டும் வாயில் வருவதில்லை. மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து மாற்றுவதற்குள் அவர் அடுத்த பெட்டுக்குப் போய்விடுகிறார். ‘தமிழில் யோசிப்பதை நிறுத்து’ என்கிறார் சீனியர். எப்படி நிறுத்துவது?
– ஸ்டாஃப் நர்ஸ், திருவண்ணாமலை

நிறுத்த வேண்டாம், தாயி. தமிழில் யோசித்துக்கொண்டே தமிழ் வாக்கியத்தின் வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றினால் போதும்.

நீங்கள் சொல்ல நினைப்பது இதுதானே: ‘நேற்று ராத்திரி பத்தாம் பெட் பேஷண்ட் ரெண்டு தடவை வாந்தி எடுத்தார்.’ இதில் விஷயம் எங்கே இருக்கிறது? கடைசிச் சொல்லில். தமிழில் வினை கடைசியில்தான் வந்து நிற்கும், கேட்பவரும் அதுவரை பொறுமையாகக் காத்திருப்பார். ஆங்கிலம் காத்திருக்காது. யார், என்ன செய்தார் என்பது முதலில் வந்துவிட வேண்டும். எத்தனை தடவை, எப்போது என்பதெல்லாம் பின்னால் வரலாம். நீங்களோ ‘நேற்று ராத்திரி’யில் தொடங்கி, வினையைத் தேடிக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஒன்று செய்யுங்கள். தமிழிலேயே இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: ‘பத்தாம் பெட் பேஷண்ட் வாந்தி எடுத்தார், ரெண்டு தடவை, நேற்று ராத்திரி.’ இது ஒன்றும் விநோதமான தமிழ் இல்லை. ‘வந்துட்டானா உன் தம்பி?’, ‘சாப்பிட்டாச்சு நாங்க, அப்பவே’ என்றுதானே வீட்டில் பேசுகிறோம். நம் பேச்சுத்தமிழுக்கு இந்த இடமாற்றம் நன்றாகவே பழக்கம். இந்த வரிசையில் தமிழ் வந்துவிட்டால் ஆங்கிலச் சொற்கள் அதன் மேல் அப்படியே உட்கார்ந்துவிடும்: ‘த பேஷண்ட் இன் பெட் டென் வாமிட்டட் ட்வைஸ் லாஸ்ட் நைட்.’

இன்னொரு இடத்திலும் உங்களுக்குத் தட்டும். ‘அவருக்குக் காய்ச்சல் இருக்கு’, ‘அவருக்கு மூச்சு வாங்குது’, ‘அவருக்குப் பசிக்கலை’ என்று உடம்பைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் ‘க்கு’ போட்டுத்தான். அந்த ‘க்கு’வை ஆங்கிலத்தில் தேடி ‘ஃபார் ஹிம் ஃபீவர் இஸ் தேர்’ என்று என் மாணவர்கள் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘க்கு’ விழுந்துவிடும், அந்த ஆளே எழுவாய் ஆகிவிடுவார். ‘ஹி ஹேஸ் ஃபீவர்.’ ‘ஹி இஸ் பிரெத்லெஸ்.’ ‘ஹி இஸ் நாட் ஹங்கிரி.’ இங்கே ‘ஹி இஸ் ஹேவிங் ஃபீவர்’ என்று சொல்லத் தோன்றும். ‘இருக்கிறது’ என்பதில் உள்ள ‘கிறது’தான் நம்மை ‘இங்’ போட வைக்கிறது என்று நினைக்கிறேன். காய்ச்சல், வலி, அண்ணன், வீடு என்று ஒருவருக்கு இருப்பதைச் சொல்ல ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ மட்டும் போதும்.

ஒரு வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை வகை வாக்கியம் தேவைப்பட்டுவிடும்? வலி, காய்ச்சல், சாப்பாடு, தூக்கம், பிரஷர், டிரிப், சிறுநீர், மாத்திரை. டியூட்டி முடிந்ததும் அன்று சொல்ல வேண்டியிருந்த பத்து வாக்கியத்தை எழுதுங்கள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டாக்டர் எதிரில் நிற்பதாக நினைத்து உரக்கச் சொல்லுங்கள். மனசுக்குள் படித்தால் பழகாது, நாக்கும் உதடும் அசைய வேண்டும். ஒரு மாதம் இப்படித் தினம் பத்தாகப் போகட்டும். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

*

‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதி ஒவ்வொரு பரீட்சையிலும் மார்க் போகிறது. ‘நேற்று’ என்றால் இறந்தகாலம், இறந்தகாலம் என்றால் ‘வென்ட்’. இதில் என்ன தப்பு?
– பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவன், விருதுநகர்

தம்பி, ‘வந்தேன்’ என்பதற்கு எதிர்மறை சொல்லுங்கள். ‘வரவில்லை’. ‘வந்தவில்லை’ என்று சொல்வீர்களா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லாது. ‘வந்தேன்’ என்பதில் காலம் காட்டும் ‘த்’ இருக்கிறது. ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் அந்த ‘த்’ போய்விடுகிறது, வெறும் ‘வர’ மட்டும் நிற்கிறது.

ஆங்கிலமும் இதைத்தான் செய்கிறது. ‘ஐ கேம்’ எதிர்மறையாகும்போது ‘கேம்’ தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி ‘கம்’ ஆகிவிடுகிறது: ‘ஐ டிட் நாட் கம்.’ ஒரே வித்தியாசம், தமிழில் கழற்றிய காலம் மறைந்தே போகிறது, ஆங்கிலத்தில் அதை ‘டிட்’ வாங்கி வைத்துக்கொள்கிறது. காலம் ‘டிட்’ கையில் இருக்கும்போது வினை மறுபடி அதைச் சுமக்க வேண்டியதில்லை. கேள்வியிலும் இதே கதைதான்: ‘டிட் யு கோ?’

இனி ‘டிட் நாட் வென்ட்’ என்று பேனா போகும்போது, ‘வந்தவில்லை’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காது கூசும். அந்தக் கூச்சம் உங்களைக் காப்பாற்றும்.

*

‘நீங்கள் வீட்டில் எத்தனாவது பிள்ளை?’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது? யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.
– வாசகர், பரமக்குடி

‘எத்தனாவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. ‘ஆர் யு த எல்டஸ்ட்?’ என்று கேளுங்கள். ‘நோ, ஐ ஆம் த தேர்ட்’ என்று பதில் வந்துவிடும். இல்லாத சொல்லைத் தேடாமல் பதிலை வரவழைக்கும் கேள்வியைக் கேட்டுவிடுங்கள், போதும். அவர்களிடம் இல்லாத இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வி’ ஒன்றுதான்.

*

இன்டர்வியூவில் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்றேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேச வரவில்லை.
– டிப்ளமா முடித்தவர், கரூர்

அவர் சிரித்திருக்கக் கூடாது. நீங்கள் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது, அந்தப் பேச்சுக்கு அது போதும். இருந்தாலும் திருத்திக்கொள்வோம்.

‘ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்’, ‘2022-லேர்ந்து வேலை பார்க்கிறேன்’. இந்த இரண்டையும் தமிழில் நீங்கள் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’, ‘இலிருந்து’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’. அவ்வளவுதான். ‘ஃபார் டூ இயர்ஸ்’, ‘சின்ஸ் 2022’.

‘பார்க்கிறேன்’தான் நம்மை இழுத்துவிடும். அன்று தொடங்கி இன்னும் நடக்கும் வேலைக்குத் தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலம் அந்தத் தொடக்கத்தையும் வினையிலேயே காட்டச் சொல்கிறது: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்.’ இந்த ‘ஹேவ் பீன்’ இரண்டையும் ஒரே சொல்போல ஒட்டிச் சொல்லிப் பழகுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது உங்களைப் பற்றிய ஐந்து வாக்கியமாவது இப்படி நாக்கில் ஏறியிருக்கட்டும்.

*

டீச்சர், நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மகள் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பெற்றோர் கூட்டத்தில், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரை, என் மனைவி எட்டாவது. நாங்கள் பேசாததால் பிள்ளை பின்தங்கிவிடுமா?
– ஒரு அப்பா, மணப்பாறை

பின்தங்காது. இதை நான் அடித்துச் சொல்வேன், காரணமும் சொல்கிறேன்.

என் ஊர் சாத்தூர் பக்கம். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். என் அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவேன். அந்த லேபிளில்தான் என் முதல் ஆங்கிலம். ‘சேஃப்டி மேட்சஸ்’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். அம்மா கேட்டார், ‘அப்படின்னா என்ன?’ மேட்சஸ் தீக்குச்சி என்று தெரியும். மறுநாள் வாத்தியாரிடம் கேட்டேன். சேஃப்டி என்றால் பாதுகாப்பு, இந்தக் குச்சி பெட்டியின் பக்கவாட்டு மருந்தில் உரசினால்தான் சட்டென்று எரியும், வேறு எதில் உரசினாலும் சுலபத்தில் எரியாது, அதனால் அந்தப் பெயர் என்றார். ஓடிவந்து அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அம்மா ஒரு குச்சியை எடுத்துச் சுவரில் உரசினார். எரியவில்லை. அம்மியில் உரசினார். எரியவில்லை. பெட்டியில் உரசினார், பற்றிக்கொண்டது. வருடக்கணக்கில் பெட்டி ஒட்டிய கை அது, அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் பொருளைப் பார்த்தது. ‘சேஃப்டி’ எனக்கு இந்த ஜென்மத்துக்கு மறக்காது.

என் அம்மா ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. கேட்டார், நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். உங்கள் மகளுக்கும் அதைச் செய்யுங்கள். தினமும் சவாரி முடிந்து வந்ததும் கால் மணி நேரம். அன்றைய ஆங்கிலப் பாடத்தை அவள் உரக்கப் படிக்கட்டும். முடித்ததும், ‘இதில் என்ன சொல்லியிருக்கு, அப்பாவுக்குச் சொல்லு’ என்று தமிழில் கேளுங்கள். அவள் சொல்லிவிட்டால் புரிந்திருக்கிறது. திணறினால் வெறும் சத்தமாகத்தான் படிக்கிறாள் என்று பொருள். அந்தப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு, மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

லீவு நாளில் வண்டியில் கூட்டிப் போனால் வழியில் உள்ள போர்டுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ‘நோ பார்க்கிங்’, ‘கோ ஸ்லோ’, லாரிக்குப் பின்னால் ‘சவுண்ட் ஹார்ன்’. ஏன் அங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல உங்களைவிடத் தெரிந்தவர் யார்?

வீட்டில் ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்று நாலு கட்டளையோடு பேச்சு நின்றுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் கதை பேச ஒரு மொழி இல்லாமல் போன பிள்ளைகள் அவர்கள். உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம். தாராளமாகத் தமிழில் பேசுங்கள், சண்டை போடுங்கள், கதை சொல்லுங்கள்.

*

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ‘சென்ட் த அப்ரூவல் டுடே’ என்று மெயில் அனுப்பினேன். மரியாதை இல்லை என்று மேலாளர் கோபித்துக்கொண்டார். போனிலும் நான் சொல்வதைப் பையர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.
– மெர்ச்சண்டைசர், திருப்பூர்

நீங்கள் மனதில் வைத்திருந்தது ‘அனுப்புங்கள்’. அதில் ‘ங்கள்’ என்று மரியாதை வினையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘சென்ட்’ என்று மாற்றும்போது அந்த ‘ங்கள்’ வழியில் விழுந்துவிட்டது, அங்கே போய்ச் சேர்ந்தது ‘அனுப்பு’. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாமே ‘யு’ என்பதால் மரியாதையை வேறு இடத்தில் வைக்க வேண்டும். அவர்கள் அதைக் கேள்வியாக மாற்றி வைக்கிறார்கள்: ‘குட் யு ப்ளீஸ் சென்ட் த அப்ரூவல் டுடே?’ அவசரம் என்றால் ஏன் அவசரம் என்று ஒரு வரி சேருங்கள். கட்டிங் நாளைக்குத் தொடங்குகிறது என்று சொன்னால் அவரும் புரிந்துகொள்வார். ‘கைண்ட்லி டு த நீட்ஃபுல்’ வேண்டாம். நம் அலுவலகங்களில் அது வாழ்கிறது, வெளிநாட்டுக்காரருக்கு எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்றே தெரியாமல் போகலாம்.

போன் விஷயம். தமிழில் எந்தச் சொல்லும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. அதனால் ஆங்கிலச் சொல் அப்படி முடிந்தால் நாக்கு தானாக ஓர் உகரம் சேர்க்கிறது: புக்கு, கேட்டு, பிங்க்கு. ‘ரெட்’ என்பதை ‘ரெடு’ என்றால் அந்தப் பக்கம் ‘ரெடி’ என்று காதில் விழலாம். துணி நிறத்தில் அப்படி ஒரு குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கடைசி மெய்யில் சட்டென்று நிறுத்திப் பழகுங்கள். அப்புறம், தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். எண்ணிக்கை சொல்லும்போது ‘தேர்ட்டீன், ஒன் த்ரீ’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

*

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘எ’, ‘ஆன்’, ‘த’ மூன்றும் என்னைக் கொல்கின்றன.
– தேர்வு எழுதுபவர், தஞ்சாவூர்

‘எ’யும் ‘ஆன்’னும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு வீடு, ஓர் ஊர். உயிருக்கு முன் ‘ஓர்’ போல உயிரொலிக்கு முன் ‘ஆன்’. ஆங்கில எழுத்தைப் பார்த்தால்தான் குழப்பம். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மணியைக் குறிக்கும் ‘அவர்’ அகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘ஆன் அவர்’. ‘யுனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘எ யுனிவர்சிட்டி’. ‘எம்.ஏ.’ எகரம், ஆகவே ‘ஆன் எம்.ஏ.’ ஒரே ஒரு எச்சரிக்கை: ‘ஒன்’, ‘ஒய்ஃப்’ போன்றவற்றைத் தமிழில் உயிரில் எழுதினாலும் ஆங்கிலத்தில் உதடு குவிந்து வகரம் போல ஒலிக்கும். அங்கே ‘எ’தான்.

‘த’ கொஞ்சம் ஆழமானது. ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. இரண்டும் ஒன்றா? முதலாவதைக் கேட்டால் ‘என்ன புத்தகம்?’ என்று கேட்பேன். இரண்டாவதைக் கேட்டால் நாம் முன்பே பேசிய அந்தப் புத்தகம் என்று எனக்குப் புரியும். முதலாவது ‘ஐ பாட் எ புக்’, இரண்டாவது ‘ஐ பாட் த புக்’. இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ அஃறிணையில் செய்யும் வேலையில் ஒரு பகுதியை ‘த’ செய்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. மனிதர்களைச் சொல்லும்போது ‘ஐ’ எப்படியும் வந்துவிடும், எழுவாய்க்கு ‘ஐ’ வரவே வராது. ஆனால் ‘எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?’ என்ற கேள்வியை எல்லா இடத்திலும் கேட்கலாம். தெரியும் என்றால் ‘த’.

*

எனக்கு 63 வயது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஆறு வயதுப் பேரன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். நான் தமிழில் பேசுவது அவனுக்குப் புரிகிறது. அவன் பதில் எல்லாம் ஆங்கிலம். ‘பாட்டி, கெஸ் வாட்!’ என்று ஆசையாக ஏதோ தொடங்குவான். நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஓடிவிடுவான். இந்த வயதில் எனக்கு ஆங்கிலம் வருமா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

அம்மா, உங்களைவிட எனக்கு மூன்று வயது கூட. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

வரும். உங்களுக்கு வேண்டியது ஒரு குழந்தையோடு பேசும் அளவுக்கான ஆங்கிலம். அதில் பெரும்பகுதி கேள்விதான். சாப்பிட்டியா, தூங்கினியா, விளையாடினியா என்று தமிழில் கடைசியில் ‘ஆ’ போட்டுக் கேட்கிறோம் இல்லையா, அந்த ‘ஆ’ ஆங்கிலத்தில் முன்னால் வந்து ‘டிட் யு’ ஆகிறது. ‘டிட் யு ஈட்?’ ‘டிட் யு ஸ்லீப் வெல்?’ ‘டிட் யு ப்ளே?’ இந்த ஒரு அச்சில் ஒரு வாரத்துக்கு ஒரு வினை சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழை விட்டுவிடாதீர்கள். முதலில் தமிழில் கேளுங்கள், பிறகு ஆங்கிலத்தில் கேளுங்கள். உங்களால் அவனுக்குத் தமிழ் நிற்கும்.

‘கெஸ் வாட்’ என்றால் ‘என்ன தெரியுமா?’ என்று பொருள். அது முழுக் கேள்வி இல்லை. அவன் ஒரு சேதி வைத்திருக்கிறான், ‘என்ன?’ என்று நீங்கள் கேட்பதற்காகக் காத்திருக்கிறான். நீங்கள் சிரிப்பதால் அவனுக்கு எப்படித் தொடர்வது என்று தெரியவில்லை. வரும் ஞாயிறு அவன் ‘பாட்டி, கெஸ் வாட்!’ என்றதும் கண்ணை அகலத் திறந்து, ‘வாட்?’ என்று கேளுங்கள்.